மூன்று நாள் முந்திக் கட்டிய காப்பு

"இன்னாப்பா, கோயில்ல பம்ப மேளச் சத்தம் கேக்குது?"

என் மகள் ரேவதி வாசலில் நின்று கேட்டாள். தலைக்குக் குளித்த ஈரம் தோளில் சொட்டிக்கொண்டிருந்தது. அவளுக்குப் பின்னால் கூடத்தில், சக்கரம் வைத்த புதுப் பெட்டி நிமிர்ந்து நின்றது. ஊறுகாய் பாட்டில் உடையாமல் இருக்க அவள் அம்மாவின் பழைய புடவையைச் சுற்றி உள்ளே வைத்திருந்தார்கள்.

நான் அப்போதுதான் கோயிலிலிருந்து வந்திருந்தேன். விரலெல்லாம் மஞ்சள். சட்டையில் வேப்பிலை ஒட்டிக்கொண்டிருந்தது.

"காப்பு கட்டிட்டாங்கம்மா" என்றேன்.

"வெள்ளிக்கெயமதானப்பா சொன்ன?"

"பம்பக்காரனுக்கு வெள்ளிக்கெயம வேற ஊராம். இன்னிக்கி வுட்டா வர முடியாதுன்னுட்டான். பூசாரியும் செவ்வாக்கெயம நல்ல நாளுதான்னு சொல்லிட்டாரு."

சொல்லிக்கொண்டே குழாயடிக்குப் போய்க் கையைக் கழுவினேன். மஞ்சள் லேசில் போகவில்லை. அவள் முகத்தைப் பார்க்காமல் இருக்க, தேய்த்துக்கொண்டே இருந்தேன்.

இந்தத் தொடரில் இதுவரை கண்டக்டர் வேலையில் பார்த்த கூத்துகளையே எழுதி வந்தேன். படித்துச் சிரித்ததாகப் பலர் சொன்னார்கள். இந்த வாரம் எழுதுவது சிரிப்பதற்கில்லை. யாரிடமும் சொல்லாதது இது. என் மனைவி மல்லிகாவுக்கும் பத்திரிகை கைக்கு வந்த பிறகுதான் தெரியும்.

எல்லைக்குள் இருப்பவர்கள்

எங்கள் ஊர் திருப்புலிவனத்தைத் தாண்டி உள்ளே தள்ளி இருக்கிறது. ஆடி மாதம் அம்மனுக்குக் கூழ் வார்ப்போம். அதற்குப் பத்து நாள் முன்னால் வெள்ளிக்கிழமை காலையில் அம்மன் கையில் காப்புக் கட்டுவார்கள். அதே நேரத்தில் ஊர் முகப்பில் சாலைக்குக் குறுக்கே வேப்பிலைத் தோரணம் ஏறும்.

காப்புக் கட்டும் நேரத்தில் யாரெல்லாம் எல்லைக்குள் இருக்கிறார்களோ, அவர்கள் கூழ் ஊற்றி முடிகிற வரை வெளியே ராத்தங்கக் கூடாது. இதுதான் கட்டு. கட்டிய பிறகு ஊருக்குள் வருகிறவர்களை அது கட்டுப்படுத்தாது. அவர்கள் விருந்தாளி மாதிரி வரலாம், போகலாம்.

முன்பெல்லாம் எல்லையையே தாண்ட மாட்டார்கள். இப்போது ஊரில் பாதிப் பிள்ளைகள் ஒரகடம் பக்கம் கம்பெனிகளுக்குப் போகிறார்கள். அம்மனும் காலத்தைப் பார்த்துக் கொஞ்சம் இறங்கி வந்து, பகலில் போய்விட்டு வரலாம் என்று விட்டுவிட்டாள். ராத்தங்கல் மட்டும்தான் இன்னமும் கூடாது.

இதில் நான்தான் பெரிய கறார்ப் பேர்வழி. ரிட்டயர் ஆனதும் என்னை விழாக் குழுவில் சேர்த்து மைக்கைக் கையில் கொடுத்துவிட்டார்கள். முப்பது வருஷம் கூட்டத்தில் கத்திய தொண்டை, சும்மா இருக்குமா? ஒரு வருஷம் தேவராஜ் மகன் யாரோ சிநேகிதன் கல்யாணம் என்று செங்கல்பட்டில் ஒரு ராத்திரி தங்கிவிட்டான். மறுநாள் அவனைக் கோயில் வாசலில் நிற்கவைத்து, மைக்கில் பேரைச் சொல்லி, ஊர் பார்க்க மன்னிப்புக் கேட்க வைத்தேன். அவன் காது சிவந்துபோனது. அந்தக் கூட்டத்தில் ரேவதியும் நின்றிருந்தாள். அப்போது கல்லூரியில் படித்துக்கொண்டிருந்தாள்.

விசில் இருந்தவரை

பிள்ளைகள் வீட்டைவிட்டுப் போவதை என்னைவிட அதிகமாகப் பார்த்தவன் இந்த வட்டாரத்தில் இருக்க முடியாது. காலேஜுக்கு, வேலைக்கு, புருஷன் வீட்டுக்கு, பட்டாளத்துக்கு என்று எல்லோரும் என் பஸ்ஸில்தான் ஏறினார்கள். சாலவாக்கம் நிறுத்தத்தில் ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு அழாத தாய் இல்லை. பஸ் நகரவும் கூடவே ஓடிவருவார்கள்.

"இன்னாம்மா, மெட்ராஸுக்குத்தான போறான்? மேலயா போறான்? ரைட் சொல்லட்டுமா, இல்ல நீயும் ஏறிக்கிறியா?"

இப்படிக் கேட்டு பஸ்ஸையே சிரிக்க வைப்பேன். அழுதவளும் மூக்கைத் துடைத்துக்கொண்டு சிரிப்பாள். எனக்கு அதில் ஒரு பெருமை.

என் மூத்தவன் குமார் சிங்கப்பூர் போகப் புறப்பட்டதும் என் பஸ்ஸில்தான். அவனுக்கும் டிக்கெட் கிழித்துக் கொடுத்தேன். செங்கல்பட்டில் அவன் இறங்கிப் பையை மாட்டிக்கொண்டு திரும்பிப் பார்த்தான். நான் விசில் கொடுத்தேன், பஸ் நகர்ந்தது. டிரைவர் கண்ணாடியில் என்னைப் பார்த்து, "கெட்டிக்காரன்யா நீ" என்றார். கெட்டிக்காரத்தனம் ஒன்றுமில்லை. வாயில் விசில் இருந்தால் அழ முடியாது, அவ்வளவுதான்.

ரேவதியின் முறை வந்தபோது என்னிடம் விசில் இல்லை.

அவள் இரண்டு வருஷமாக ஒரகடம் பக்கத்தில் ஒரு கம்பெனியில் தரம் பார்க்கும் பிரிவில் இருந்தாள். விடியற்காலை கம்பெனி வண்டி தெருமுனையில் ஹாரன் அடிக்கும். அவள் வாயில் இட்லியோடு, கழுத்தில் அடையாள அட்டை ஆட, ஓடுவாள். சாயங்காலம் வந்ததும் டிபன் டப்பாவைத் தொட்டியில் போட்டுவிட்டு, அன்று யார் யாரிடம் திட்டு வாங்கினார்கள் என்று நடித்துக் காட்டுவாள். ரிட்டயர் ஆன எனக்கு அந்த அரைமணி நேரம்தான் பொழுதே.

அப்போதுதான் பூனாவிலிருக்கும் பெரிய கிளைக்குப் பயிற்சிக்கு ஆள் எடுத்தார்கள். அவள் பிரிவில் ஒருத்திக்குத்தான் இடம். அது இவளுக்குக் கிடைத்தது. ஆறு மாதம் பயிற்சி, பிறகு அங்கேயே நல்ல வேலை. வியாழக்கிழமை காலையில் அங்கே இருக்க வேண்டும். செவ்வாய் மத்தியானம் வீட்டிலிருந்து கிளம்பினால்தான் ராத்திரி சென்னையில் ரயிலைப் பிடிக்கலாம்.

செய்தி சொன்ன அன்று அவள் என் கையைப் பிடித்துக் குதித்தாள். "எனக்குத்தாம்பா! எனக்குத்தான் குட்த்திருக்காங்க!" நானும் சிரித்தேன். தெருவெல்லாம் சாக்லேட் கொடுத்தேன். கொடுத்துவிட்டு வந்து, கொல்லையில் நின்றபடி என்ன செய்யலாம் என்று யோசித்தேன்.

திங்கட்கிழமை ஆறு மணி

பம்பைக்காரன் ஏழுமலை எனக்கு போன் செய்யவில்லை. நான்தான் அவனுக்கு போன் செய்தேன்.

"ஏயுமல, இந்த வாட்டி செவ்வாக்கெயம காலைலயே வந்துடு. வெள்ளி வேணாம், குழுவுல மாத்திட்டோம்."

"சரிங்ணா. எனக்கு எப்ப வந்தாலும் ஒண்ணுதான்."

பிறகு கோயிலுக்குப் போய்ப் பூசாரி கன்னியப்பனிடமும் குழுவினரிடமும், ஏழுமலைக்கு வெள்ளிக்கிழமை முடியாதாம் என்றேன். ஒருவரும் சந்தேகப்படவில்லை. என் வாயிலிருந்து தப்பான நேரம் வராது என்பது ஊரறிந்த விஷயம். எந்த பஸ் எப்போது வரும் என்று என்னைக் கேட்டுவிட்டுத்தான் வீட்டிலிருந்தே கிளம்புவார்கள். என் பேச்சை நம்பி பஸ்ஸை விட்டவர்கள் கிடையாது.

"அப்ப மைக்குல சொல்லிடு கண்டக்டரே" என்றார் பூசாரி.

சொன்னேன். திங்கட்கிழமை மாலை ஆறு மணிக்குச் சொன்னேன். அந்த நேரத்தில் மல்லிகாவும் ரேவதியும் போர்வை வாங்க உத்திரமேரூர் போயிருந்தார்கள். அவர்கள் ஏறக்கூடிய பஸ் ஏழு மணிக்குத்தான் எங்கள் நிறுத்தத்துக்கு வரும். அது எனக்குத் தெரியாதா? முப்பது வருஷத் தொழிலை நான் கடைசியாகப் பயன்படுத்தியது அதற்குத்தான்.

வீட்டுக்கு வந்தவர்களிடம் போர்வை நன்றாக இருக்கிறதென்று சொன்னேன். வேறொன்றும் சொல்லவில்லை.

ஏன் செய்தேன்? பூனாவைத் தடுத்துவிட வேண்டுமென்று உட்கார்ந்து திட்டம் போட்டேனா? அப்படியும் சொல்ல முடியாது. இன்னும் பத்துப் பன்னிரண்டு நாள் இருக்கட்டும், கூழ் குடித்துவிட்டுப் போகட்டும், கம்பெனிக்காரன் தள்ளிக் கொடுப்பான் என்று எனக்கு நானே சமாதானம் சொல்லிக்கொண்டேன். தள்ளிக் கொடுக்க மாட்டான் என்பதும் உள்ளுக்குள் தெரியும். வெட்கக்கேடு. வேறு வார்த்தை இல்லை.

மல்லிகா சொன்னது

மறுபடி அந்தச் செவ்வாய்க்கிழமைக் காலைக்கு வருகிறேன்.

சங்கதி தெரிந்ததும் மல்லிகா கரண்டியோடு வெளியே வந்தாள்.

"காப்பு கட்னா இன்னா இப்ப? பொண்ணு ஊர் சுத்தவா போவுது? வேலைக்குப் போவுது. ஆத்தா ஒண்ணும் கோச்சிக்காது. நான் மஞ்சத்துணில காசு முடிஞ்சி வெச்சிட்றேன். நீ கெளம்புடி."

பூசாரியும் அந்த வழியாக வந்தவர் கேட்டுவிட்டு நின்றார். "கொயந்த பொழப்பு சம்மாச்சாரம் கண்டக்டரே. அம்மன் கால்ல வெச்ச எலுமிச்சம்பழம் ஒண்ணு தர்றேன். கையில வெச்சிக்கினு போவட்டும். தப்பில்ல."

கோயில்காரரே கதவைத் திறந்துவிட்டார். ரேவதி என்னைத்தான் பார்த்தாள்.

"இன்னாப்பா பண்றது? போவட்டா?"

'போ' என்று ஒரு சொல் சொன்னால் போதும். சொல்ல வாயைத் திறந்தேன் என்று எழுத ஆசைதான். ஆனால் திறக்கவில்லை. குழாயடிக் கல்லைப் பார்த்துக்கொண்டு சொன்னேன்: "போறதுன்னா போம்மா. ஆனா மைக்குல சொல்றவன் வூட்டுப் பொண்ணே தாண்டிப் போச்சின்னா, நாளைக்கு நான் எந்த மூஞ்சிய வெச்சிக்கினு கோயில்ல நிக்கிறது? தேவராஜ் மவன அன்னிக்கி நிக்க வெச்சனே."

மல்லிகா கரண்டியை வீசியெறிந்தாள். அது கிணற்றுச் சுவரில் பட்டுக் கீழே விழுந்தது. "யோவ், நீயெல்லாம் ஒரு மனுசனா?" என்றாள்.

ரேவதி உள்ளே போனாள். கொஞ்ச நேரத்தில் அவள் போனில் பேசுவது கேட்டது. மேலதிகாரியிடம் போல இருந்தது.

"சார், என் தப்புதான் சார். ஊர்ல திருவிழா தேதிய நான்தான் சரியா கேட்டுக்கல. எங்கப்பா மேல ஒண்ணும் இல்ல சார், நான்தான் தப்பா நெனச்சிக்கினேன். பதிமூணு நாள் மட்டும் டைம் குடுங்க சார்… சரி சார்… புரியுது சார்."

அந்தப் பக்கம் என்ன சொன்னார்கள் என்று அவள் வந்து சொல்லவில்லை. பெட்டியைப் படுக்கவைத்து, ஜிப்பைத் திறந்து, ஊறுகாய் பாட்டிலை எடுத்துக்கொண்டுபோய்ச் சமையலறை மாடத்தில் வைத்தாள். எனக்கு எல்லாம் விளங்கிவிட்டது. சாயங்காலத்துக்குள் அவள் பிரிவிலேயே வேறொரு பெண்ணுக்கு அந்த இடத்தைக் கொடுத்துவிட்டார்கள்.

இன்னும் கொஞ்சம் டீ

அன்று சாயங்காலம் ஏழுமலை பம்பையை இறக்கி வைத்துவிட்டு எங்கள் வீட்டு வாசலில் உட்கார்ந்தான். குழுக்காரர் வீட்டில் டீ கொடுப்பது வழக்கம். ரேவதி சொம்பில் கொண்டுவந்து டம்ளரில் ஊற்றினாள். நான் உள்ளே ஜன்னலோரம் நின்று சட்டை மாற்றிக்கொண்டிருந்தேன்.

"வெள்ளிக்கெயம வேற ஊருக்குப் போவணுமாமே அண்ணா? எந்த ஊரு?" என்று ரேவதி கேட்டாள். சாதாரணமாகத்தான் கேட்டாள்.

"வேற ஊரா? எனக்கு ஒரு ஊரும் இல்லியேம்மா. உங்கப்பாதான் போன் பண்ணி, வெள்ளி வேணாம், செவ்வாக்கெயமயே வந்துடுன்னாரு. குழுவுல மாத்திட்டாங்களாமே?"

என் கை பொத்தானிலேயே நின்றுவிட்டது. அவள் சொம்பைச் சாய்த்தபடி அசையாமல் நிற்பது ஜன்னல் வழியாகத் தெரிந்தது. டம்ளர் நிரம்பிக் கொஞ்சம் வழிந்தது.

"அப்டியாண்ணா" என்றாள். பிறகு, "இன்னும் கொஞ்சம் டீ ஊத்தட்டா?"

உள்ளே வந்து கத்தப் போகிறாள் என்று காத்திருந்தேன். கத்தினால் காலில் விழுந்துவிடலாம் என்றுகூட நினைத்தேன். சொம்பைக் கழுவிக் கவிழ்த்துவிட்டு, அம்மாவோடு உட்கார்ந்து முருங்கைக் கீரை ஆய்ந்தாள். அம்மாவிடமும் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் மல்லிகா அன்றைக்கே தெருவில் இறங்கியிருப்பாள். ஊரில் என் மானம் போயிருக்கும். காலையில் என்னவென்று தெரியாமல் என்னைக் காப்பாற்றியவள், சாயங்காலம் தெரிந்தே காப்பாற்றினாள்.

அந்த வருஷம் பதின்மூன்று நாள் திருவிழா. ஊரே மூன்று நாள் கூடுதலாகக் கவிச்சி இல்லாமல் விரதம் இருந்தது. என் பொய்க்காக அத்தனை பேரும் கீரையும் பருப்பும் தின்றார்கள். கூழ் ஊற்றுகிற அன்று நான் மைக்கைப் பிடிக்கவில்லை. தொண்டை கட்டிக்கொண்டது என்று சொல்லிவிட்டேன். அடுத்தடுத்த வருஷங்களிலும் பிடிக்கவில்லை.

யாரைக் கேட்டாள்

ரேவதி வழக்கம் போலவே இருந்தாள். சோறு போட்டாள், மாத்திரை எடுத்துக் கொடுத்தாள், டிவி சத்தத்தைக் குறைக்கச் சொன்னாள். ஒன்றே ஒன்றுதான் நின்றுபோனது. அவள் என்னை எதுவும் கேட்பதில்லை.

சின்ன வயதிலிருந்தே எதற்கும் என்னிடம்தான் வருவாள். "அப்பா, வாலாஜாபாத் பஸ் எத்தினி மணிக்கு? எந்த வழியாப் போவுது? உக்கார சீட்டு கெடைக்குமா?" இப்போது போனைப் பார்த்தாள். இல்லையென்றால் பக்கத்து வீட்டில் கேட்டாள்.

நாலு மாதம் கழித்து அவளாகவே ஓசூரில் வேலை தேடிக்கொண்டாள். பூனாவில் கிடைத்ததைவிடச் சின்ன வேலை, ஹாஸ்டல் வாசம். மல்லிகா முறுக்கு சுட்டாள், அழுதாள், பிறகு சரியாகிவிட்டாள். அவள் எப்போதும் அப்படித்தான், அழ வேண்டிய நேரத்தில் அழுதுவிடுவாள்.

கிளம்புகிற அன்று பெட்டியை நான்தான் பஸ் நிறுத்தத்துக்குத் தூக்கிவந்தேன். பக்கத்தில் நின்றேன். அவள் இரண்டடி முன்னால் போய், டீக்கடைக்காரரிடம் கேட்டாள்.

"அண்ணா, காஞ்சிபுரம் பஸ் போய்ட்ச்சா?"

டீக்கடைக்காரர் என்னைப் பார்த்து விழித்தார். "இன்னாம்மா, கண்டக்டரப் பக்கத்துல வெச்சிக்கினு என்னியப் போயி கேக்குற?" என்று சிரித்தார். அவளும் சிரித்தாள். நானும் சிரித்துத் தொலைத்தேன். பஸ்ஸுக்கு இன்னும் ஆறு நிமிஷம் இருந்தது. எனக்குத் தெரியும். நான் சொல்லவில்லை.

பஸ் வந்தது, ஏறினாள், கையாட்டினாள். சாலவாக்கத்துத் தாய்மார்கள் ஓடியது மாதிரி நான் ஓடவில்லை. ஓட எனக்கு என்ன யோக்கியதை இருக்கிறது என்று நின்றுவிட்டேன்.

இப்போதும் விடியற்காலை கம்பெனி வண்டி மற்ற பிள்ளைகளுக்காகத் தெருமுனையில் ஹாரன் அடிக்கிறது. எழுந்து உட்கார்ந்துகொள்கிறேன். மாடத்தில் அந்த ஊறுகாய் பாட்டில் ரொம்ப நாள் அப்படியே இருந்தது. மல்லிகா ஒருநாள் திறந்து பார்த்துவிட்டு, பூசணம் பிடித்துவிட்டதென்று கொட்டினாள்.

வேப்பிலைத் தோரணம்

அடுத்த ஆடி வந்தது. காப்பு என்றைக்கு என்று அவளுக்குச் சொல்ல வேண்டும். போனைக் கையில் எடுப்பேன், வைப்பேன். இந்தத் தடவை சரியான தேதியைச் சொல்லி, அதோடு சேர்த்துப் பழையதையும் சொல்லிவிட வேண்டுமென்று மனதுக்குள் ஒத்திகை பார்த்தேன். அதற்குள் அவளே கூப்பிட்டாள்.

"அப்பா, பூசாரி மாமாக்கு போன் பண்ணிக் கேட்டுக்கினேன். வெள்ளிக்கெயம காலைல காப்பு கட்றாங்களாம். நான் சனிக்கெயம வர்றேன். ஞாயித்துக்கெயம சாய்ந்தரம் கெளம்பிடுவேன்."

"ஒரு நாள் முன்னாடி வந்தா காப்பு கட்றதப் பாக்கலாமேம்மா" என்றேன். வாய் தவறி வந்துவிட்டது.

"வேணாம்பா. சனிக்கெயமயே வர்றேன். நீ மாத்தர ஒய்ங்கா போட்டுக்கிறியா?"

சொல்ல வேண்டியதை நான் சொல்லவில்லை. போட்டுக்கொள்கிறேன் என்று மட்டும் சொன்னேன்.

அவள் ஓசூர் போன பிறகு இது மூன்றாவது ஆடி. ஒவ்வொரு வருஷமும் வருகிறாள், காப்புக் கட்டிய மறுநாள் வருகிறாள். குறை சொல்ல முடியாது. கை நிறைய வாங்கி வருகிறாள், அம்மன் சன்னிதியில் விழுந்து கும்பிடுகிறாள், என் தலைக்கு எண்ணெய் வைத்துவிடுகிறாள். ஞாயிறு மாலை பஸ் ஏறிவிடுகிறாள்.

போன வாரமும் பஸ் நிறுத்தத்தில் போய் நின்றேன். இறங்கினாள். வெயிலில் கறுத்திருந்தாள், நன்றாகவும் இருந்தாள். பையை வாங்கிக்கொண்டேன்.

"காப்பு நேத்தே கட்டிட்டாங்கம்மா" என்றேன்.

"தெரியும்பா" என்றாள்.

பேசிக்கொண்டே நடந்தோம். ஓசூர்க் குளிரைப் பற்றி, அண்ணன் குழந்தைக்குப் பல் முளைத்ததைப் பற்றி. ஊர் முகப்பு வந்ததும் அவள் நின்றாள். தலையை நிமிர்த்தித் தோரணத்தைப் பார்த்தாள். கையை உயர்த்தி, ஓரமாகத் தொங்கிய ஓர் இலையைத் தொட்டு, விரலில் நசுக்கியும் பார்த்தாள். நேற்றுக் கட்டியதுதான், நன்றாக வாடியிருந்தது.

அதற்குப் பிறகுதான் உள்ளே காலெடுத்து வைத்தாள்.